கூட்டம் குறையாத ரோலர் கோஸ்டர் ஏன் மூடப்பட்டது?

வியாபாரம் ஒன்றை ஆரம்பிக்கும்போது ஆலோசனை சொல்ல ஊரே வந்து நிற்கும். எதை, எப்போது நிறுத்துவது என்று சொல்லித்தர மட்டும் ஒருவரும் வருவதில்லை. "வாப்பா காலத்து மெஷின்", "இந்தச் சாமானால்தான் எங்கள் கடைக்குப் பெயர்", "இன்னும் கேட்டு வருகிறார்கள்தானே" என்று வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவோம். கடைசியில் அது நின்றுபோவது நமது தீர்மானத்தால் அல்ல, கையில் காசு இல்லாமல் போவதால்.

இவ்வாரப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது கனடாவில் இருந்த ஒரு ரோலர் கோஸ்டரின் கதை. களியாட்டப் பூங்காவில் நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவருக்கும், ஊரில் சில்லறைக் கடை வைத்திருப்பவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

ஏரிக்கரையில் ஒரு பூங்கா

அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து ஈரி ஏரியைக் கடந்தால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கரை வரும். அங்கே கிறிஸ்டல் பீச் என்ற இடத்தில் 1888 ஆம் ஆண்டு ஜோன் ரெப்ஸ்டொக் என்பவர் சமயக் கூட்டங்களுக்கான முகாம் ஒன்றை ஆரம்பித்தார. வந்தவர்கள் பிரசங்கத்தைவிடப் பொழுதுபோக்கிலேயே அதிகம் நாட்டம் காட்டினார்கள். மனிதர் வியாபாரி, இரண்டு வருடத்தில் அதைக் களியாட்டப் பூங்காவாக மாற்றிவிட்டார். பஃபலோவிலிருந்து சனங்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள்.

1927 ஆம் ஆண்டு இந்தப் பூங்காவில் 'சைக்ளோன்' என்ற ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. ரோலர் கோஸ்டரின் சூத்திரம் இலகுவானது. பெட்டிகளைச் சங்கிலியொன்று உயரத்துக்கு இழுத்துச் சென்று விட்டுவிடும். அதன் பிறகு எஞ்சின் கிடையாது. இறங்குகின்ற வேகமே அடுத்த மேட்டில் ஏற்றும். ஆகவே அதை ஓட்டுவதற்கான செலவு பெரிதல்ல. அதைத் தாங்கி நிற்கும் கட்டமைப்பு, தண்டவாளம், சக்கரம் ஆகியவற்றை நாள்தோறும் பார்த்துத் திருத்துவதில்தான் பணம் போகும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சைக்ளோனை அமைத்தவர் ஹரி ட்ரேவர். உயரம் 96 அடி. சங்கிலி விட்ட பின்னர் முழு ஓட்டமும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் திருப்பத்துக்கு மேல் திருப்பம், நேராக ஓடும் இடமென்று எதுவுமே இல்லை. இறங்கி வருபவர்களில் மயங்கி விழுபவர்களைக் கவனிக்க மேடையில் ஒரு தாதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். திறப்பு விழாவன்று சுமார் 75,000 பேர் பூங்காவுக்கு வந்ததாகவும், நெரிசலில் வரிசைக் கம்பிவேலி உடைந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. ட்ரேவர் அதே வருடம் இதே வகையில் அமெரிக்காவில் அமைத்த மற்ற இரண்டும் 1930களின் நடுப்பகுதிக்குள் அகற்றப்பட்டுவிட்டன. கிறிஸ்டல் பீச் சைக்ளோன் மட்டும் 1946 வரை தாக்குப்பிடித்தது.

தாக்குப்பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். சைக்ளோனைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி, மற்றவர்கள் அலறுவதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். ஒரு தடவை ஏறியவர்களில் பலர் மறுபடி ஏறவில்லை. அந்த மூர்க்கமான திருப்பங்கள் தண்டவாளத்தையும் பெட்டிகளையும் தேய்த்துக்கொண்டே இருந்தன. திருத்த வேலை ஓயவில்லை. 1938 இல் பயணி ஒருவர் உயிரிழந்தார். காப்புறுதிச் செலவும் பாரமானது. ரிக்கட் வருமானம் வருடா வருடம் இறங்க, பராமரிப்பும் காப்புறுதியும் இறங்க மறுத்தன. 1946 செப்டெம்பரில் பருவம் முடிந்ததோடு சைக்ளோன் நிறுத்தப்பட்டது.

நமது கடைகளிலும் இப்படியான சாமான்கள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டியில் வைத்த விலை கூடிய பொருளை எல்லோரும் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள். முதலாளிக்கு அது ஓடுகிற சாமான் போலவே தோன்றும். ஆனால் பில் புத்தகம் வேறு கதை சொல்லும். ஆகவே கடைக்கு வந்தவர்களை எண்ணாமல், பில் போட்டவர்களை எண்ணுங்கள். அதிலும் இரண்டாம் தடவை வந்தவர்களைத் தனியாக எண்ணுங்கள். ஒரு மாதம் ஒரு கொப்பியில் குறித்துப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

மூடுவதா வேண்டாமா: ஒரு கணக்கு

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. நட்டம் என்று எழுதப்பட்டிருக்கும் எல்லாவற்றையும் உடனே நிறுத்துவதும் பிழையான தீர்மானமாகிவிடலாம். உதாரணத்துக்கு, கடை வாசலில் ஓர் ஐஸ்கிரீம் மெஷின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இலக்கங்கள் விளக்கத்துக்காக நாம் போட்டவை. மாத விற்பனை 90,000 ரூபா. பால், சீனி, கோன் வகைக்கு 38,000. மின்சாரம் 14,000. திருத்த வேலையும் உதிரிப்பாகமும் 21,000. மெஷின் பிடித்திருக்கும் இடத்துக்குக் கடை வாடகையில் பங்கு 20,000. மொத்தச் செலவு 93,000. கணக்குப்படி மாதம் 3,000 ரூபா நட்டம். தூக்கி வீசிவிடலாமா?

பொறுங்கள். மெஷினை அகற்றினால் கட்டட முதலாளி வாடகையை 20,000 ரூபாவால் குறைப்பாரா? குறைக்க மாட்டார். அகற்றினால் உண்மையில் நிற்கும் செலவு 73,000 மட்டுமே. அப்படியானால் அந்த மெஷின் மாதம் 17,000 ரூபாவை வாடகைக்கு உதவியாகக் கொண்டுவருகிறது. அகற்றிவிட்டு இடத்தைச் சும்மா வைத்திருந்தால் அந்த 17,000 ரூபாவும் போய்விடும்.

அதே இடத்தில் ஒரு ராக்கை போட்டு மாதம் 25,000 ரூபா இலாபம் தரும் சாமானை வைக்க முடியுமானால் கதை மாறும். மறுபுறம், ஐஸ்கிரீமுக்காகப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய் உள்ளே வந்து வேறு சாமான் வாங்குவதால் 10,000 ரூபா இலாபம் கிடைக்கிறதென்றால் அதையும் மெஷினின் பக்கமே சேர்க்க வேண்டும். ஆனால் மெஷின் இல்லாவிட்டாலும் அந்தத் தாய் நம்மிடமே வருவாரா என்பதை நெஞ்சில் கை வைத்துக் கேளுங்கள். வருவார் என்றால் அந்தப் பத்தாயிரத்தைச் சேர்க்கக் கூடாது.

இன்னொரு செலவு இருக்கிறது, அது எந்த பில்லிலும் வராது. இன்று இந்த மெஷினை விற்றால் 250,000 கிடைக்கும், அடுத்த வருடம் விற்றால் 150,000தான் கிடைக்கும் என்றால், ஒரு வருடம் வைத்திருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை ஒரு லட்சம். மாதத்துக்கு ஏறத்தாழ 8,300 ரூபா. அந்தத் தாயின் 10,000 ரூபாவைச் சேர்த்தாலும் 27,000 ரூபாவில் இதைக் கழிக்க மிஞ்சுவது 18,700. ராக்கை 25,000 தருமென்றால் மெஷின் போக வேண்டியதுதான்.

இந்தக் கணக்கில் ஒன்றை மட்டும் நாம் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மெஷினை எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதை. "ஆறு லட்சம் கொடுத்து வாங்கியது, எப்படி விடுவது" என்ற பேச்சுத்தான் நமது ஆட்களைப் பிடித்து வைத்திருப்பது. அந்த ஆறு லட்சம் வைத்திருந்தாலும் வராது, விற்றாலும் வராது.

இரும்பு வீண்போகவில்லை

கிறிஸ்டல் பீச் நிர்வாகத்தின் கெட்டித்தனம் மூடிய பிறகுதான் தெரிந்தது. சைக்ளோனின் கட்டமைப்பு இரும்பினாலானது. ஓட்டத்தின் வடிவம்தான் பிழையே தவிர, இரும்பில் பிழையில்லை. அந்த இரும்பை உபயோகித்தே அடுத்த ரோலர் கோஸ்டரை அமைத்தார்கள். ஃபிலடெல்ஃபியா டொபோகன் கம்பனியின் ஹேர்பட் ஷ்மெக் அதை வடிவமைத்தார். 'கொமெட்' என்ற பெயரில் 1948 இல் அது திறக்கப்பட்டது. உயரம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் முறித்துத் திருப்பும் வளைவுகள் இல்லை. ஏரியின் கரையோரமாக நீண்ட ஏற்ற இறக்கங்கள். இறங்கி வந்தவர்கள் மறுபடி வரிசையில் போய் நின்றார்கள். தாதி தேவைப்படவில்லை. அடுத்த 41 வருடங்களுக்குப் பஃபலோ மக்களின் பிள்ளைப்பராய ஞாபகமாக அது மாறியது.

ஒரு பொருள் தோற்றுவிட்டது என்று சொல்லும்போது, அதில் தோற்றது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. நட்டத்தில் மூடிய தையல் பெக்டரியில் ஓடர் பிடித்த விதம் தோற்றிருக்கலாம். மெஷினும் கைதேர்ந்த பிள்ளைகளும் தோற்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே விலைக்குப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டு வருபவர்களைக் காண்கிறோம்.

நல்ல பொருளும் மூடப்படுகிறது

கொமெட்டின் கதை சைக்ளோனின் கதைக்கு நேரெதிர். கொமெட் கடைசி நாள் வரை நன்றாகவே ஓடியது. மூடப்பட்டது அதைச் சுற்றியிருந்த வியாபாரம்.

பூங்காவின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பஃபலோ பகுதித் தொழிலாளர் குடும்பங்கள். 'கனேடியானா' என்ற கப்பல் அவர்களை ஏற்றிவந்தது. 1927 இல் பஃபலோவையும் கனடாக் கரையையும் இணைக்கும் பீஸ் பாலம் திறக்கப்பட்ட பின்னர் சனங்கள் மெதுமெதுவாகக் கார்களுக்கு மாறினார்கள். 1956 இல் கப்பலில் ஒரு கலவரம் நடந்தது. அவ்வருடத்தோடு சேவையும் நின்றது. கப்பலில் வந்தவனுக்கு வேறு வழியில்லை, இறங்கினால் கிறிஸ்டல் பீச்தான். காரில் வருபவன் எந்தப் பக்கமும் திரும்பலாம். திரும்புவதற்குப் புதிய இடங்களும் வந்தன. 1981 இல் டொரொன்டோவுக்கு வடக்கே கனடாஸ் வொண்டர்லாண்ட் என்ற பெரும் பூங்கா திறக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் அமெரிக்கப் பக்கத்தில், எல்லை தாண்டும் தொந்தரவே இல்லாத டேரியன் லேக் வளர்ந்தது. 1983 இல் பஃபலோவுக்குப் பக்கத்து லக்கவானாவில் பெத்லெஹெம் ஸ்டீல் கம்பனி உருக்கு உற்பத்தியை நிறுத்த, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சம்பளம் நின்றது. பூங்காவும் கடனில் மூழ்கியது. 1989 செப்டெம்பரில், ஆரம்பித்து 101 வருடங்களில், கிறிஸ்டல் பீச் நிரந்தரமாக மூடப்பட்டது. கடைசி நாட்களில் கூட்டம் அலைமோதியது. வழக்கமான விஷயம்தான், மூடும் செய்தி கேட்டுத்தான் சனம் ஞாபகம் வந்து ஓடிவரும். அந்த ஒரு வாரக் கூட்டத்தைப் பார்த்துத் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளும் வியாபாரிகளும் இருக்கிறார்கள்.

என் பார்வையில், இந்தப் பூங்காவின் பெரிய பலவீனம் கொமெட்டின் மேல் வைத்திருந்த நம்பிக்கைதான். ஒரு சாமான் இழுத்து வரும் வரைக்கும் வியாபாரம் உயிரோடு இருப்பதாகத்தான் தோன்றும். வாடிக்கையாளன் வரும் பாதை மாறிவிட்டது, அவனது வருமானம் சுருங்கிவிட்டது என்பதெல்லாம் நல்ல சாமானின் நிழலில் மறைந்துவிடும். பஸ் நிலையம் இடம் மாறிய ஊர்களில் பழைய பஸ் நிலையத்தடிக் கடைகளுக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைகளின் சாமான் ஒரே இரவில் கெட்டுப்போகவில்லை.

பூங்கா மூடிய அடுத்த மாதம் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஏரிக்கரை நிலத்துக்கு வீடமைப்பில் நல்ல பெறுமதி. பின்னர் அது வேலியடைத்த குடியிருப்பாக மாறியது. நிலம் வேண்டியவனுக்குக் கொமெட் வெறும் இடைஞ்சல். ஆனால் ஏலத்தில் சார்ல்ஸ் வூட் என்பவர் 210,000 அமெரிக்க டொலருக்கு அதை வாங்கினார். நியூயோர்க் மாநிலத்தின் லேக் ஜோர்ஜ் பகுதியில் 1954 இல் 'ஸ்டோரிடவுன்' என்ற சிறுவர் பூங்காவை ஆரம்பித்து, பின்னாளில் 'த கிரேட் எஸ்கேப்' என்று பெரிதாக்கியவர் அவர். கழற்றிய துண்டுகள் கிராண்ட் ஐலண்டில் இருந்த ஃபான்டஸி ஐலண்ட் பூங்காவில் வருடக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டன. 1994 இல் கொமெட் கிரேட் எஸ்கேப்பில் மறுபடி எழுந்து ஓடத் தொடங்கியது.

ஏலத்தில் கொடுத்த விலை மட்டும்தான் செலவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கழற்றுவது, ஏற்றுவது, வைத்திருக்க இடம், மறுபடி அத்திவாரம், புது மரம், பரிசோதனை, எல்லாம் அதற்கு மேல். அத்தோடு ஐந்து வருடங்கள் ஒரு சதமும் வருமானம் இல்லை. மலிவாகக் கிடைத்ததென்று பாவித்த மெஷினைக் கொன்டெய்னரில் இறக்குபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். வட்டிக்குக் கடன் எடுத்து அப்படி இறக்கியவரின் நிலை என்னவென்று நான் எழுதத் தேவையில்லை.

விற்பவரின் கடமை

பாவித்த பொருளை விற்கும்போது நமது மார்க்கம் போட்டிருக்கும் நிபந்தனை எல்லோருக்கும் தெரிந்தது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஓட்டத்தை நிறுத்திய மெஷினை ஏன் நிறுத்தினோம் என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். என்ன பாகம் மாற்றப்பட்டது, எத்தனை மணித்தியாலம் ஓடியது, எங்கே வெடிப்பு இருக்கிறது என்று எழுதி வைத்த கொப்பி இருந்தால் மறைக்கவும் தேவையில்லை. விலையும் கூடக் கிடைக்கும். நல்ல பதிவேடு உள்ள மெஷினுக்கு வாங்குபவர் பயப்படுவதில்லை. ஏலத்தில் விற்றால், விலையை ஏற்றுவதற்கென்றே வாங்கும் எண்ணமில்லாத ஆளை நிறுத்திக் கேட்க வைப்பது தடைசெய்யப்பட்ட 'நஜ்ஷ்'. இதைச் சிறிய விஷயமாக எடுப்பவர்கள் நம்மிடையே இருப்பது கவலைக்குரியது.

மூடல் அறிவிப்பிலும் அமானிதம் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 'வோர்டெக்ஸ்' என்று ஒன்று 1987 முதல் ஓடியது. ஆறு தடவை தலைகீழாகப் புரட்டிய முதலாவது ரோலர் கோஸ்டர் அது. அதன் பாவனைக் காலம் முடிந்துவிட்டதென்று 2019 செப்டெம்பர் இறுதியில் பூங்கா அறிவித்தது. ஒக்டோபர் 27 கடைசி நாள் என்றது. அன்றோடு நிறுத்தியது. விருப்பமானவர்கள் வந்து ஏறிவிட்டுப் போனார்கள். நமது வீதிகளில் "கடை மூடல் மலிவு விற்பனை" என்ற பெனர் மூன்று பெருநாளைக் கண்டுவிட்டுத் தொங்குகிறது!

வோர்டெக்ஸை அமைத்த அரோ கம்பனி 2001 இல் வங்குரோத்தானது. அடுத்த வருடம் அதன் சொத்துக்களை எஸ் அண்ட் எஸ் என்ற வேறொரு கம்பனி வாங்கியது. மெஷின் ஒன்றை வாங்கும்போது, அதைச் செய்தவன் இன்னும் 15 வருடம் இருப்பானா, அவன் இல்லாவிட்டால் பாகத்தைக் கடைந்து தர உள்ளூரில் லேத் பட்டறை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஏஜென்ட் சொல்லும் உத்தரவாதத்தைவிட இது முக்கியம்.

முழுவதும் மூடாமல் பாதி மாற்றும் வழியும் இருக்கிறது. டெக்ஸஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் 1990 இல் திறந்த 'டெக்ஸஸ் ஜயண்ட்' மரத் தண்டவாளம் குலுங்கிக் குலுங்கி ஓடியதால் 2009 இல் நிறுத்தப்பட்டு, கட்டமைப்பை வைத்துக்கொண்டு இரும்புத் தண்டவாளம் போட்டு 2011 இல் மறுபடி திறக்கப்பட்டது. வரவேற்பு பெரிதாக இருந்தது. 2013 இல் அதில் ஒரு பெண் பயணி விழுந்து உயிரிழந்தார். புதுப்பித்தால் பழைய ஆபத்துக் கணக்கு போதாது. புதிதாக ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்.

ஸகாத் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் ஓடும் மெஷினுக்கு ஸகாத் இல்லை. விற்பனைச் சரக்குக்கு உண்டு, அதுவும் வாங்கிய விலைக்கல்ல, வருடம் பூர்த்தியாகும் நாளின் சந்தை விலைக்கு. ஓடாமல் கிடக்கும் சரக்கையும் நமது ஷாபிஈ மத்ஹபின்படி வருடா வருடம் கணக்கில் எடுக்க வேண்டும். மெஷினை நிறுத்தி விற்கும் நிய்யத்தோடு ஒதுக்கி வைத்தால் நிலைமை என்ன என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் விவரத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

கொமெட்டின் இரண்டாம் ஓட்டம் 2024 ஆம் ஆண்டோடு 30 வருடங்களை எட்டியது. 1927 ஆம் ஆண்டு சைக்ளோனுக்காக வாங்கிய இரும்பும் அதில் இருக்கிறது. அதை மீட்டெடுத்த சார்ல்ஸ் வூட் 1993 இல் நடிகர் போல் நியூமனோடு சேர்ந்து, கடும் நோயுற்ற பிள்ளைகளுக்காக டபுள் எச் ரேஞ்ச் என்ற முகாமை ஆரம்பித்தவர். 2004 இல் காலமானார். கிறிஸ்டல் பீச்சில் பூங்கா இருந்த நிலத்தில் இப்போது வீடுகள். பூங்காவில் சிறு தட்டிக் கடைகளில் விற்ற சீனி தூவிய வாஃபிளுக்கும் லோகன்பெரி பானத்துக்கும் மட்டும் பஃபலோ பக்கத்தில் வாடிக்கை குறையவில்லை. போத்தலில் கிறிஸ்டல் பீச் என்ற பெயரைப் போட்டே விற்கிறார்கள்.